கூடார ட்ரெயிலர் இழுப்பதற்கு டபுள் கேப்: எந்த வசதிக்குப் பணம் கொடுக்கலாம்?

வாவியோரம் (களுவாஞ்சிகுடி):

அனைவருக்கும் வணக்கம். நெடுநாளாக மனதில் வைத்திருந்த ஒரு வேலையை இந்த ஆண்டு தொடங்கிவிட்டேன். மேலே விரித்துக்கொள்ளும் கூடாரமும், பின்னால் இழுத்தெடுக்கும் சமையல் தட்டும், 100 லீற்றர் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட ஒற்றை அச்சு ட்ரெயிலர் ஒன்றை ஊரிலுள்ள ஒட்டுவேலைப் பட்டறையில் செய்வித்து வருகிறேன். வெறுமையாக 550 கிலோ வரும் என்றும் சாமான்களோடு 850 கிலோவைத் தாண்டாது என்றும் பட்டறைக்காரர் சொல்கிறார். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா ஆகிய ஐவரும் பாசிக்குடாவுக்கும், பொத்துவில், பாணமை வழியாக உகந்தைக்கும், ஆண்டு முடிவில் மொனராகலை, வெல்லவாய, எல்ல வழியாகப் பண்டாரவளை உறவினர் வீட்டுக்கும் போய் வருவதே திட்டம்.

இழுக்க வண்டிதான் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது ஏறிய விலை, 2025 பெப்ரவரியில் தடை நீங்கிய பின்னரும் மாதச் சம்பளக்காரனின் கைக்கு எட்டவில்லை. ஆகவே பாவித்த டபுள் கேப்புகளையே (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த பெட்டியும் கொண்ட பிக்கப்) பார்க்கிறேன். ஒன்று 2.5 லீற்றர் டீசல், கையால் போடும் கியர். கண்ணாடி இறக்கும் பொத்தானைத் தவிர வேறு பொத்தான் அதில் இல்லை. மற்றது வயதில் இளையது, 3.0 லீற்றர், தானியங்கி கியர், பின்கமெரா, வண்டி நிலைதவறாமல் காக்கும் மின்னணு ஏற்பாடு என்று எல்லாம் உண்டு. இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தில் இதேபோல இன்னும் இரண்டு ட்ரெயிலர் செய்யலாம். “3,500 கிலோ இழுக்கிற வண்டிக்கு உங்கள் பெட்டி ஒரு பாரமா சேர்?” என்று தரகர் கேட்கிறார். பதில் சொல்லத் தெரியாமல்தான் இங்கு வந்தேன்.

பழைய கராஜ்காரன் (மட்டக்களப்பு):

தம்பி, தரகர் சொன்ன 3,500 பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் இரண்டு வண்டிகளின் பின்புறத்திலும் குனிந்து பாருங்கள். நம் நாட்டில் ஓடும் டபுள் கேப்புகளில் பாதிக்கு மேல், பளபளக்கும் பின்பம்பரில் ஒரு துளையோடும் சிலவேளை ட்ரெயிலரின் மூக்கை மாட்டும் இரும்புப் பந்து ஒன்றோடும் நிற்கும். அந்தப் பம்பர் மிதித்து ஏறுவதற்குச் செய்தது. ட்ரெயிலர் இழுக்கும் டோ பார் என்பது சட்டகத்தின் இரண்டு நெடும் பாகங்களிலும் தடித்த போல்டுகளால் பூட்டப்பட்டு, தாங்கும் எடை பொறித்த தகடு ஒன்றையும் கொண்டிருக்க வேண்டும். சட்டகத்தில் துருவிருந்தால், அதுவும் கல்லடி, கல்குடா போன்ற கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியென்றால், சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். எத்தனை பொத்தான் இருந்தாலும் துருப்பிடித்த சட்டகத்தில் பூட்டிய டோ பார் ஒரு நாள் வழியில் கழன்று நிற்கும்.

என் எண்ணத்தில், கைக் கியர் வண்டியே உங்களுக்குப் போதும். களுவாஞ்சிகுடியிலிருந்து பொத்துவில் வரை உள்ளங்கை போன்ற சமதரை. முப்பது ஆண்டுகளாக இந்த ஊரில் வள்ளம், நெல், கல், கூரைத்தகடு எல்லாவற்றையும் பொத்தான் இல்லாத வண்டிகளே இழுத்து வந்திருக்கின்றன.

கல்லாற்றுப் பெண் (டொரொன்டோ):

வணக்கம். பிறந்தது கல்லாறு, இப்போது கனடாவில் இருக்கிறேன். இங்கே கூடார வண்டிகளும் பெரிய தங்கும் ட்ரெயிலர்களும் கோடை முழுவதும் நெடுஞ்சாலையில் வரிசையாகப் போகும். அந்த 3,500 என்ற எண்ணில் ஏமாறாதீர்கள் என்று சொல்லவே எழுதுகிறேன், ஏனென்றால் அதைவிடப் பெரிய எண்ணில் நாங்களே ஏமாந்தோம்.

நாங்கள் முதலில் வாங்கிய முழு அளவுப் பிக்கப்பின் இழுவை எல்லை ஏறத்தாழ 5,000 கிலோ. அதை நம்பி, சாமானோடு 3,175 கிலோ வரும் ட்ரெயிலர் ஒன்றை எடுத்தோம். எல்லைக்குள் 1,800 கிலோ மீதமிருக்கிறதே என்ற நிம்மதியில் இருந்தபோது, ஓட்டுநர் பக்கக் கதவு நிலையில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளை என் கணவர் வாசித்தார். ஆட்களும் சாமானும் சேர்ந்து 635 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் இருந்தது. ட்ரெயிலரின் மூக்கு பந்தை அழுத்தும் பாரமும் அந்தக் கணக்கிலேயே சேரும். இங்குள்ள வழக்கப்படி அது ட்ரெயிலரின் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை இருக்க வேண்டும். எங்களுடையது கிட்டத்தட்ட 400 கிலோ. மிச்சம் 235. நாங்கள் இரண்டு பெரியவர்கள், மூன்று பிள்ளைகள். ஒரு பையைக்கூட ஏற்றாமலே கணக்கு முடிந்துவிட்டது. இன்னொன்றையும் அப்போதுதான் அறிந்தோம்: தோல் இருக்கை, திறக்கும் கூரை, பெரிய சில்லு என்று வசதிகள் கூடக்கூட வண்டியின் சொந்த எடை ஏறி, ஏற்றக்கூடிய சுமை குறைகிறது. ஒரே மாதிரியின் சாதாரண வண்டி, சொகுசு வண்டியைவிட அதிகம் சுமக்கும்.

ஆகவே இரண்டு வண்டிகளின் தகட்டிலுமுள்ள உச்ச மொத்த எடையை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முழுத் தாங்கி டீசலோடு வெற்று வண்டியின் எடையைத் தராசில் பார்த்து அதிலிருந்து கழியுங்கள். வருவதுதான் உங்கள் குடும்பத்துக்கும், சாமானுக்கும், மூக்குப் பாரத்துக்கும் சேர்த்து உள்ள இடம்.

வாவியோரம்:

மிக்க நன்றி அக்கா. ஒரு சந்தேகம். மூக்குப் பாரம் வண்டியின் சுமையைத் தின்கிறதென்றால், சாமான்களை ட்ரெயிலரின் பின்பக்கமாக வைத்து அந்தப் பாரத்தைக் குறைத்துவிடலாமே? தண்ணீர்த் தொட்டியைப் பின்னால் வைக்கும்படி பட்டறையில் சொல்லியிருக்கிறேன்.

வயல்வெளி (அக்கரைப்பற்று):

தம்பி, தயவுசெய்து நாளைக்கே பட்டறைக்குப் போய் அந்தத் தொட்டியை முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டதை நான் செய்தே பார்த்துவிட்டேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், அம்பாறையிலிருந்து திரும்பும்போது, ஜெனரேட்டரையும் இரண்டு தண்ணீர்க் கேன்களையும் இறக்குவதற்கு இலகுவாக இருக்கட்டும் என்று ட்ரெயிலரின் பின்கதவோரமாக வைத்திருந்தேன். 60 வேகம் வரை ஒரு குறையும் இல்லை. 80ஐத் தொட்டதும், எதிரே வந்த பேருந்தின் காற்று தள்ளியதோ என்னவோ, பின்னால் மெல்ல ஓர் ஆட்டம் தொடங்கியது. நாலைந்து விநாடிக்குள் அது வண்டியின் பின்புறத்தையே இடமும் வலமுமாக அடிக்கத் தொடங்கிவிட்டது. பயத்தில் பிரேக்கை மிதித்தேன். ட்ரெயிலருக்குப் பிரேக் இல்லாததால் அது முன்னே தள்ளிக்கொண்டு வந்து ஆட்டம் இரட்டித்தது. வயல் பக்கத்து மண் ஓரத்தில் இறங்கி நின்றோம். யாருக்கும் அடிபடவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது வாப்பா சிரித்தார். வண்டில் கட்டிய காலத்தில் முன்பாரம், பின்பாரம் பார்க்காமல் யாராவது மூட்டை ஏற்றுவார்களா என்று கேட்டார். பின்பாரம் கூடினால் நுகம் மேலெழுந்து மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் கூடினால் மாடு முழங்காலில் விழும். அந்தக் கணக்கு இந்த வண்டிக்கும் பொருந்துகிறது. கனமானவை அச்சுக்கு மேலும் சற்று முன்னுமாகத் தாழ்வாக இருக்க வேண்டும். ஆட்டம் வந்துவிட்டால் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, திசைமாற்றியை நேராகப் பிடித்து, வேகம் தானாக விழ விடுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பிச் சமாளிக்க முயன்றால் அது கூடும். ட்ரெயிலரின் பிரேக்கை மட்டும் தனியே பிடிக்கும் வசதி இருந்தால், அதை மெதுவாகப் பிடிக்க ட்ரெயிலர் பின்னே இழுபட்டு நேராகும். என்னிடம் அன்று அது இல்லை.

பழைய கராஜ்காரன்:

நானா சொன்னது முழு உண்மை. முன்பாரத்தை, அதாவது மூக்கு பந்தை அழுத்தும் பாரத்தை, வீட்டிலேயே அளக்கலாம். ட்ரெயிலரைச் சமதரையில் முழுச் சாமானோடு நிறுத்தி, சில்லுகளுக்கு அடை கொடுத்து, ஆள் நிறுக்கும் தராசின் மேல் ஒரு பலகையையும், பந்தின் உயரத்துக்கு ஒரு மரத்துண்டையும் வைத்து மூக்கை அதன்மேல் இறக்குங்கள். தராசின் எல்லை 120 கிலோ என்றால் அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் மனைவியின் தராசு ஒன்றை நான் அப்படித்தான் உடைத்தேன்.

தெற்குத் திசை (மெல்பேர்ன், சொந்த ஊர் ஆரையம்பதி):

இங்கே ஓடுபவை நம் ஊரில் ஓடும் அதே ஹைலக்ஸ், டி-மாக்ஸ், ரேஞ்சர், எல்200 (இங்கே பெயர் ட்ரைட்டன்) டபுள் கேப்புகள் என்பதால் சொல்கிறேன். 3,500 என்பது பிரேக் உள்ள ட்ரெயிலருக்கான எண். பிரேக் இல்லாத ட்ரெயிலருக்கு இதே வண்டிகளின் எல்லை பொதுவாக 750 கிலோதான். ஆஸ்திரேலியச் சட்டத்தின்படியும் 750 கிலோவைத் தாண்டினால் ஓர் அச்சின் சில்லுகளிலாவது பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சில்லுகளிலும் வேண்டும், ட்ரெயிலர் கழன்றால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். உங்கள் ட்ரெயிலர் 850 கிலோ என்றால் எந்த வண்டியை வாங்கினாலும் அதற்குப் பிரேக் வைத்தே ஆக வேண்டும். பட்டறைக்காரர் அதைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

வண்டியும் ட்ரெயிலரும் சேர்ந்த மொத்த எடைக்கும் தனி எல்லை உண்டு. ஒரு வண்டி தனியே 3,050 கிலோ வரை நிற்கலாம், இரண்டும் சேர்ந்து 5,850 வரை போகலாம் என்றிருந்தால், 3,500 கிலோ ட்ரெயிலரை மாட்டியதும் வண்டி 2,350 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அதாவது தனியே ஓடும்போது ஏற்றலாமென்ற சுமையில் 700 கிலோவை இறக்க வேண்டும். உங்களுக்கு இந்தச் சிக்கல் வராது. ஆனால் தரகருக்குச் சொல்லப் பதில் கிடைத்துவிட்டது.

வாவியோரம்:

பிரேக் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு வகைப் பிரேக் உண்டு என்று வாசித்தேன். எதை வைப்பது?

பழைய கராஜ்காரன்:

ஒன்று, தள்ளுவிசையில் பிடிப்பது. வண்டி வேகம் குறைய ட்ரெயிலர் முன்னே தள்ளும். அந்தத் தள்ளலில் மூக்கிலுள்ள தண்டு உள்ளே நகர்ந்து பிரேக்கை இழுக்கும். வண்டியில் எந்தக் கம்பியும் பூட்ட வேண்டியதில்லை, யாருடைய வண்டியும் இழுக்கலாம். பின்னோக்கி எடுக்கும்போதும் அது பிடித்துக்கொள்ளும் என்பதால், அதைத் தடுக்கும் பூட்டு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். மற்றது மின்பிரேக். அதற்கு ஓட்டுநர் இருக்கையருகே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும்; ஆனால் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை நாமே கூட்டிக் குறைக்கலாம், வயல்வெளி நானா சொன்னதுபோல ட்ரெயிலரை மட்டும் தனியே பிடிக்கவும் முடியும். உங்கள் எடைக்கு முதலாவது போதும். சமதரைக்கு நான் அதையே போடுவேன்.

கல்லாற்றுப் பெண்:

அண்ணாவின் அனுபவத்துக்கு முன் நான் சின்னவள்தான், ஆனாலும் சமதரை என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் முடிப்பதை ஏற்க முடியவில்லை. அவர் பண்டாரவளைக்கும் போகிறார். ஏறும்போது மெதுவாக ஏறினால் பின்னால் வருபவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள், அவ்வளவுதான். எல்லவிலிருந்து இராவணன் நீர்வீழ்ச்சியைக் கடந்து வெல்லவாய வரை இறங்கும் இறக்கத்தில்தான் வண்டியின் குணம் தெரியும்.

இங்குள்ள பிக்கப்புகளில் இழுவை நிலை என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கியர்ப்பெட்டி மேல் கியருக்கு அவசரப்பட்டுத் தாவாது. ஏற்றத்தில் இரண்டு கியர்களுக்கிடையே மாறி மாறித் தடுமாறாது. இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டதும் தானே கீழ்க் கியருக்கு இறங்கி இயந்திரத்தால் பிடிக்கும். இப்படித் தடுமாறும்போதுதான் தானியங்கிக் கியர்ப்பெட்டியின் எண்ணெய் சூடேறிக் கெடுகிறது. அந்த எண்ணெயின் வெப்பத்தைக் காட்டும் மானியும், அதற்கெனத் தனிக் குளிரூட்டியும் ட்ரெயிலர் இழுப்பவருக்குப் பெரிய திரையைவிடப் பல மடங்கு பயனுள்ளவை.

மற்ற மின்னணு வசதிகளில் என் அனுபவத்தில் கைகொடுத்தவை சில, காட்சிக்கு மட்டும் உள்ளவை சில. நிலைதவறாமல் காக்கும் ஏற்பாட்டோடு சேர்ந்த ஆட்டத் தடுப்பு உண்மையாகவே உதவும். பின்னால் ஆட்டம் தொடங்குவதை நாம் உணர்வதற்கு முன் அது உணர்ந்து, வண்டியின் சில்லுகளைத் தனித்தனியே பிடித்து அடக்கும். வெளியே நீட்டக்கூடிய பக்கக் கண்ணாடி இல்லாமல் அகலமான ட்ரெயிலரை நான் தொடவே மாட்டேன். ஃபோர்ட் எஃப்-150இல் 2016 மாதிரியிலிருந்து வந்த, ஒரு குமிழைத் திருப்பிப் பின்னோக்கி எடுக்கும் ஏற்பாட்டைத் தோழியின் வண்டியில் பார்த்தேன். புதிதாகப் பழகுபவருக்கு வரம், பழகியவருக்குத் தேவையில்லை. ட்ரெயிலரின் பின்னால் ஒரு கமெராவை வைத்து, ட்ரெயிலரே கண்ணாடியாகிவிட்டதுபோலப் பின்சாலையைக் காட்டும் வசதியும் சில பெரிய பிக்கப்புகளில் வந்துவிட்டது. பார்க்க அழகு. பலவாறு மடியும் பின்கதவு என்று ஒன்றும் விற்கிறார்கள். பந்து பூட்டியிருக்கும்போது அதன் உட்கதவை இறக்கினால் பந்திலேயே மோதும்.

பழைய கராஜ்காரன்:

தங்கச்சி, அந்த இறக்கத்தை இரண்டாம் கியரில் போட்டுவிட்டு இறங்கினால் பொத்தான் எதற்கு? கைக் கியர்காரர் எல்லாரும் அப்படித்தானே இறங்குகிறார்கள். ஏறின கியரிலேயே இறங்கு என்று எனக்கு வேலை பழக்கியவர் சொல்வார்.

கல்லாற்றுப் பெண்:

எல்லாரும் அப்படி இறங்குவதாக இருந்தால், அந்த வீதியில் பிரேக் பிடிக்கவில்லை என்ற செய்தியை நாம் அடிக்கடி வாசிக்க மாட்டோமே அண்ணா. அவருடைய மனைவியும் ஓட்டுவார் என்றால் அவரையும் நினைத்துச் சொல்லுங்கள்.

பழைய கராஜ்காரன்:

சரி, அது நியாயமான பேச்சு. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் பக்கத்துக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஈரம் சேர்ந்த எண்ணெய், நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்துக் குமிழியிட்டால் மிதி தரைவரை போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள். பாவித்த வண்டி வாங்கினால் அன்றைக்கே மாற்றுங்கள்.

தோணிக்காரன் (வாழைச்சேனை):

நான் கூடாரம் இழுப்பவன் அல்லன், கண்ணாடியிழை வள்ளம் இழுப்பவன். ஆனாலும் கடற்கரை மணலைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையுண்டு என்று நினைக்கிறேன். கேட்டவர் உகந்தைக்குப் போகிறார். பாணமைக்கு அப்பால் கிறவல் வீதி, மழைக்குப் பிறகு சேறு, கூடாரம் போடுமிடம் மணல். அங்கே இயந்திரத்தின் வலுவை நம்பி மிதித்தால் நான்கு சில்லும் தோண்டிக்கொண்டு உட்காரும்.

மணலில் முதலாவது வசதி காற்றிறக்கிய டயர். வண்டியின் டயரை 20 பீ.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கும்போது ட்ரெயிலரின் டயரையும் இறக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தார் வீதிக்கு ஏறியதும் திரும்ப அடிக்க ஒரு சிறிய காற்றுப் பம்பி வண்டியிலேயே இருக்க வேண்டும். இரண்டாவது, ட்ரெயிலரின் இரண்டு சில்லுகளுக்கிடையே உள்ள அகலம் வண்டியின் அகலமாகவே இருக்கட்டும். வண்டி அழுத்திவிட்டுப் போன தடத்திலேயே ட்ரெயிலரும் உருளும். அகலம் மாறினால் அது தனக்கென்று இன்னொரு தடத்தை வெட்ட வேண்டும், அந்த வேலைக்கும் உங்கள் இயந்திரமே கூலி கொடுக்க வேண்டும். பட்டறையில் இன்னும் அச்சு பூட்டவில்லையென்றால் இதை இப்போதே சொல்லுங்கள்.

நான்கு சில்லு இழுவையின் தாழ் நிலையை (மெதுவாக, கூடிய வலுவோடு நகர்த்தும் கியர்) பலர் சேற்றுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறார்கள். வள்ளத்தை மணல் ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாகப் பின்னோக்கித் தள்ளும்போது அதைப் போட்டால் கிளச் கருகாது. காய்ந்த தார் வீதியில் மட்டும் அதைப் போட்டுத் திருப்பக் கூடாது. முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

புதைந்த வண்டியை இன்னொரு வண்டி இழுத்தெடுக்கும்போது பட்டையை ட்ரெயிலர்ப் பந்தில் மாட்டாதீர்கள். பந்து முறிந்து பறந்து ஆளைக் கொன்றிருக்கிறது. அதற்கென்றே சட்டகத்தில் பூட்டிய கொளுக்கி வேண்டும். வாங்கும்போது முன்னும் பின்னும் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்கமெராவைப் பற்றி ஒரு சொல். தனி ஆளாகப் பந்துக்கு நேராக மூக்கைக் கொண்டுவர அதைப்போல உதவுவது வேறில்லை. முன்பெல்லாம் நான் பத்துத் தடவை இறங்கி ஏறுவேன். ஆனால் ட்ரெயிலரைப் பூட்டிய பிறகு கமெராவில் தெரிவது ட்ரெயிலரின் முகம் மட்டுமே. அதன்பின் கண்ணாடிதான் கண். திசைமாற்றியின் அடிப்பகுதியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ட்ரெயிலரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். வெறுமையான விளையாட்டு மைதானத்தில் ஒரு பின்னேரம் பழகினால் போதும்.

மின்விளக்கு (கல்முனை):

மின்கம்பி வேலை செய்பவன் என்பதால் ஒரு குறிப்பு. ட்ரெயிலரில் குளிர்ப்பெட்டியும் இரண்டாவது பட்டரியும் வைக்கிறீர்களா? அப்படியென்றால் விளக்குக்குப் போகும் மெல்லிய கம்பியிலேயே பட்டரியை ஏற்ற முடியாது. வண்டியின் முன்னாலிருந்து ட்ரெயிலர்வரை ஆறேழு மீற்றர் ஓடும் கம்பியில் மின்னழுத்தம் விழுந்து, பட்டரிக்குப் போய்ச் சேருவது போதாமற்போகும். 16 சதுர மில்லிமீற்றர் அளவுள்ள தனிக் கம்பியும், பட்டரிக்கு அருகிலேயே ஃபியூசும் போடுங்கள். புதிய வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்நேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகத் தன் மின்னழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அவற்றுக்கு இடையில், குறைந்த மின்னழுத்தத்தை உயர்த்திப் பட்டரியை ஏற்றும் ஒரு டிசி–டிசி சார்ஜர் தேவைப்படும். இந்த ஒரு விடயத்தில் உங்களுடைய பொத்தானில்லாத வண்டியே இலகு.

தோணிக்காரன்:

ஒன்றை விட்டுவிட்டேன். உப்புத் தண்ணீர் பட்ட நாளில் ட்ரெயிலரின் சில்லுக் குண்டுகளை (பெயாரிங்) கவனியுங்கள். சூடான சில்லைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். என்னுடைய வள்ள ட்ரெயிலரின் குண்டு ஒருமுறை ஏறாவூருக்குக் கிட்ட நொறுங்கியது. வாவியிலோ கடலிலோ இறக்கினால் சற்று ஆறவிட்டு இறக்குங்கள், கிறீஸ் அடிக்க மறக்காதீர்கள், ஓடும் வழியில் நிற்கும்போதெல்லாம் சில்லின் நடுவைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

வாவியோரம்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னவற்றில் பலவற்றைச் செய்து பார்த்துவிட்டேன்.

பட்டறையில் அரைகுறையாக நின்ற ட்ரெயிலரை நெல் ஆலையில் லொறி நிறுக்கும் மேடைக்குக் கொண்டுபோனோம். 550 என்றார்கள், கூடாரமும் கதவும் பூட்டாமலே 610 காட்டியது. அவற்றைத் தனியே நிறுத்துச் சேர்க்க 690 வருகிறது. தண்ணீரும் சாமானும் சேர்ந்தால் 980. பட்டறைக்காரர் தகட்டின் தடிப்பைக் கொஞ்சம் கூட்டிவிட்டதாக அப்போதுதான் சொன்னார். தொட்டி அச்சுக்கு முன்னால் வந்துவிட்டது. கூடாரத்தின் எடைக்குக் கல்லும் சாமானுக்கு மண்மூட்டையும் வைத்து அளந்ததில் முன்பாரம் 110 கிலோ. அச்சின் அகலத்தை வண்டியைத் தெரிந்தெடுத்த பிறகு பூட்டலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

வண்டிகளையும் அதே மேடையில் ஏற்றினேன். பழையதற்குத் தகட்டில் 2,700, மேடையில் 1,900, ஏற்றக்கூடியது 800. புதியதற்குத் தகட்டில் 2,950, மேடையில் 2,080, ஏற்றக்கூடியது 870. எங்கள் ஐவரின் எடை 310, வண்டிப் பெட்டியில் வைக்கும் சாமான் 140, டோ பார் 30, முன்பாரம் 110, ஆக 590. இரண்டிலும் இடமிருக்கிறது. 2.5 லீற்றருக்கும் 3.0 லீற்றருக்கும் இடையில் நான் இரவெல்லாம் யோசித்ததற்கு இந்தக் கணக்கில் ஒரு வேலையும் இருக்கவில்லை.

வயல்வெளி நானா தன் ட்ரெயிலரை, அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பிரேக் பூட்டியதை, ஒரு நாளுக்குத் தந்து உதவினார். அதில் நெல் மூட்டைகளை ஏற்றி, இரண்டு வண்டிகளாலும் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுவரை இழுத்துப் பார்த்தோம். இழுப்பதில் பழைய வண்டிக்குக் குறை இல்லை. ஆனால் ஒரு சந்தியில் முச்சக்கர வண்டி திடீரென்று குறுக்கே திரும்ப, இரண்டாம் முறை நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்த புதிய வண்டி நேராக நின்றது. பழையதில் அப்படி ஒரு சோதனை நேரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஆகவே இது முறையான ஒப்பீடு அல்ல. மனைவி இறங்கும்போதே முடிவைச் சொல்லிவிட்டார். புதியதையே எடுக்கிறோம். தள்ளுவிசைப் பிரேக்கையும், கதவில் மாட்டிக் கழற்றும் நீட்டுக் கண்ணாடிகளையும் வாங்குவதற்காகக் குளிர்ப்பெட்டியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியிருக்கிறேன்.

பழைய கராஜ்காரன் அண்ணா கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

பழைய கராஜ்காரன்:

கோபம் எதற்கு? கியர்ப்பெட்டி எண்ணெயை மாற்றி, அதற்கு ஒரு குளிரூட்டியும் பூட்டுவோம். அதற்கு முன் ட்ரெயிலரின் மூக்குக் கிண்ணத்தில் என்ன எண் பொறித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். நம் ஊர்க் கடைகளில் 50 மில்லிமீற்றரும் 2 அங்குலமும் ஒரே பெட்டியில் கிடக்கும். 2 அங்குலம் என்றால் 50.8, 50க்குச் செய்த கிண்ணம் அந்தப் பந்தில் ஒழுங்காக உட்காராது, அடித்து இறக்கினால் பிறகு கழற்ற முடியாது. என்னிடம் 50இல் ஒரு நல்ல பந்து இருக்கிறது. சனிக்கிழமை காலையில் வண்டியையும் கொண்டு வாருங்கள், சட்டகத்தையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடலாம்.